எட்டரை மணிக் கணக்கு

சித்தூர் வெல்ல மண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மழையைவிட மப்புதான் அவர்களுக்குப் பகை. மழை பெய்தால் சத்தம் கேட்கும், தார்ப்பாயை இழுத்து மூடலாம். காற்றில் ஈரம் ஏறுவது யாருக்கும் தெரியாது. கார்த்திகையில் இரண்டு நாள் வெயில் முகம் காட்டாமல் வானம் மூடிக் கிடந்தால், அடுக்கிவைத்த வெல்லத்தின் மேல்தோல் பளபளக்கும். விரல் வைத்தால் ஒட்டும். மூன்றாம் நாள் சாக்கின் அடி நனைந்திருக்கும். "சரக்கு இளகுது சார்" என்று சுமைக்காரர் வந்து சொல்லும்போது விலை இறங்கிவிட்டிருக்கும்.

அந்த மண்டிகளில் ஒன்றில் கணக்கெழுதியவன் நான். அதனால்தான் நான் முதலில் வாங்கிய வானிலைக் கருவி மழைமானி அல்ல, ஈரமானி. கோடவுன் சுவரில் மாட்டி, காலையும் மாலையும் முள் நிற்கும் இடத்தைப் பேரேட்டின் ஓரத்தில் குறித்துவைப்பேன். முள் எழுபதைத் தாண்டி இரண்டு நாள் இறங்காமல் நின்றால் சரக்கைத் தள்ளிவிடு என்பது மண்டிக்குள் நாங்கள் வைத்துக்கொண்ட விதி. பிறகு வெப்பமானி வந்தது, மழைமானி வந்தது, காற்றழுத்தமானி வந்தது. பேரேட்டின் ஓரம் போதாமல் தனி நோட்டு போட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சித்தூர் கட்டமஞ்சியில் என் வீட்டுக் கொல்லையே ஒரு சின்ன வானிலை நிலையமாகிவிட்டது. இன்னொரு மழைமானி திருப்பதியில் என் மகள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது.

ஐப்பசி பிறந்துவிட்டால் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், ரேபு வான ஒஸ்துந்தா?" நாளைக்கு மழை வருமா என்பதை எங்கள் ஊரில் தமிழர்களும் பாதி நேரம் தெலுங்கில்தான் கேட்பார்கள். அதைச் சொல்ல அமராவதியில் வானிலை ஆய்வுத் துறையின் மையம் இருக்கிறது. சாய் பிரணீத் இருக்கிறார். திருப்பதிக்காரர், மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே 'ஆந்திரப் பிரதேச வெதர்மேன்' என்ற பெயரில் விவசாயிகளுக்கு வானிலை சொல்கிறவர். 2021 ஜூலையில் பிரதமர் தம் மாதாந்திர வானொலி உரையில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். தமிழ்நாட்டுப் பக்கம் பிரதீப் ஜானைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்த வரிசையில் எனக்கு இடமில்லை, ஆசையும் இல்லை. வரப்போவதை அவர்கள் சொல்லட்டும். வந்து போனதை எழுதிவைக்கிறவன் நான்.

வந்து போனதை ஊரே பார்த்ததே, அதை எழுத ஒரு ஆள் வேண்டுமா என்று தோன்றும். நல்ல மழை பெய்த மறுநாள் காலை டீக்கடையில் நின்று பாருங்கள். ஒருவர் "இருவது வருசத்துல இப்படிப் பெஞ்சதில்ல" என்பார். அடுத்தவர் "போன தீவாளிக்குப் பெஞ்சதுல இது பாதி கூட இல்ல" என்பார். இருவரும் ஒரே தெருக்காரர்கள். நனைந்தவனுக்கு மழை அதிகம், வீட்டுக்குள் தூங்கியவனுக்குக் குறைவு. பழைய விவசாயிகள் மட்டும் ஓரளவு சரியாகச் சொல்வார்கள். மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்து "ஒரு உழவு மழை" என்பார்கள். என் நோட்டோடு ஒத்துப் பார்த்ததில் அந்த ஒரு உழவு பெரும்பாலும் 20 மில்லிமீட்டருக்கு மேல்தான் இருக்கிறது.

என் காலை எட்டரை மணிக்குத்தான் தொடங்கும். நாள் நள்ளிரவில் மாறும்போது மழைக் கணக்கு மட்டும் ஏன் எட்டரைக்கு மாறுகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் கிரீன்விச் நேரத்தை வைத்து ஒரே சமயத்தில் அளவெடுக்கின்றன. அங்கே விடியற்காலை 3 மணி ஆகும்போது நமக்குக் காலை 8.30. அப்போது அளக்கும் தண்ணீர் முந்தைய 24 மணி நேரத்து மழை. அது எந்தத் தேதியில் அளந்தோமோ அந்தத் தேதியில்தான் ஏறும். 18ஆம் தேதி மாலை கொட்டியது 19ஆம் தேதிக் கணக்கில் வரும். "எங்க ஊர்ல பதினெட்டாம் தேதிதானே பெஞ்சுது, பேப்பர்ல தப்பாப் போட்டிருக்கான்" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

மழைமானி என்பது ஒரு புனல், அதன் கீழே ஒரு புட்டி, அவ்வளவுதான். என்னிடம் இருப்பது நார்க்கண்ணாடியில் செய்தது. புனலின் வாய்ப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அந்த வாயில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் புட்டியில் 20 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். புனலைத் திருகி எடுத்து, புட்டித் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் மெதுவாக ஊற்ற வேண்டும். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கக் கூடாது. மட்டமான கல்லில் வைத்துவிட்டு, கண்ணை அதன் மட்டத்துக்குக் குனியவைக்க வேண்டும். தண்ணீர் கண்ணாடியின் ஓரத்தில் கொஞ்சம் ஏறி, நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழிவின் அடிமட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் அளவு. ஓரத்தைப் படித்தால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் மழை பெய்துகொண்டே இருக்கும்!

படித்த எண்ணை வானிலைத் துறையின் வகைக்குள் போட்டுப் பார்ப்பேன். 2.5 மி.மீ. தொட்டால்தான் அது 'மழை நாள்' என்று எண்ணப்படும். அதற்குக் கீழே இருந்தால் மண் நனைந்திருந்தாலும் கணக்கில் மழை நாள் கிடையாது. 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5ஐத் தொட்டால் அதி கனமழை. தொலைக்காட்சியில் அடிக்கடி வரும் இந்தச் சொற்கள் பயமுறுத்துவதற்காக வைத்த பெயர்கள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு அளவு இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 1,200 சதுர அடி மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 11,000 லிட்டர் வந்து விழுகிறது. கோடையில் டேங்கர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற ஊர் எங்கள் சித்தூர். அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டியதும் எதிர்வீட்டுக்காரர் மாடிக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் சாலை வழியாக 70 கிலோமீட்டர் போல இருக்கும். இரண்டும் ஒரே மழையில் நனையும் ஊர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்படித் தெரியவில்லை. ஐப்பசித் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று இன்னும் நிலைக்காத நாட்களில், சித்தூருக்கு மழை மேற்கிலிருந்து வரும். பகல் முழுக்க வெயில், நாலு மணிக்கு பலமனேர் பக்கம் கறுத்து, இடி மின்னலோடு ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். அன்றைக்குத் திருப்பதி நோட்டில் சுழி இருக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்க வழக்கமான தேதி அக்டோபர் 20ஐ ஒட்டி. அது நிலைத்து, கார்த்திகை பிறந்த பிறகு கதை திரும்பிவிடும். காற்று கிழக்கிலிருந்து வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். திருப்பதிக்கு முதுகில் சேஷாசல மலை. ஈரக் காற்று மலையில் முட்டி மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தை வைத்துக்கொள்ள முடியாமல் அங்கேயே கொட்டிவிடும். சித்தூரை வந்து சேர்வதற்கு அதே காற்று நகரி, கார்வேட்டிநகரம் பக்கத்துக் குன்றுகளைத் தாண்டி வரவேண்டும். திருப்பதி மழைமானி மாடியில் இருப்பதால் காற்று அடிக்கும்போது சில துளிகள் புனலைத் தாண்டிப் போய்விடும், அதாவது அங்கே உண்மையில் பெய்தது நோட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் கார்த்திகையில் திருப்பதி நோட்டுதான் கனம்.

2021 நவம்பரை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி விடியற்காலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. திருப்பதி அதற்கு வடக்கே இருந்தது. நம் பக்கத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றும் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும், அதனால் அதன் வடக்குப் புறத்தில் இருக்கும் ஊர்களுக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து நேராக வந்து மோதும். அந்தக் காற்று முழுக்கச் சேஷாசலத்தில் ஏறியது. திருமலை மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன, அலிபிரி நடைபாதைப் படிகளில் தண்ணீர் ஆறாக இறங்கியது, கபில தீர்த்தத்தில் அருவி மண்டபத்தையே பதம் பார்த்தது. சுவர்ணமுகி கரை புரண்டது. மலைக்கு அந்தப் பக்கம் கடப்பை மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் கரை 19ஆம் தேதி காலையில் உடைந்து, ராஜம்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களை வாரிக்கொண்டு போனது. அடுத்த நாட்களில் ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு என்று ஊர் ஊராக ஆட்களை வெளியேற்றினார்கள்.

அந்த இரவில் மகள் போன் செய்து "அப்பா, புட்டி நிரம்பிடுச்சுன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள். புட்டி நிரம்பி வழிந்தால் வழிந்தது வெளி உறையில்தான் தேங்கும், காலையில் அதையும் சேர்த்து அளந்துகொள்ளலாம், நீ மாடிக்குப் போகாதே என்றேன். புட்டியைச் சுற்றி உறை வைத்தது இதற்காகவும்தான். கருவியைப் படிக்க உயிரைப் பணயம் வைக்கிற வேலை எந்த நோட்டுக்கும் தேவையில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கி வரும். சுங்கச்சாவடி இருக்கிற ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும். அங்கேதான் விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அமைத்த எம்.எஸ்.டி. ரேடார் அங்கே ஏறக்குறைய 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 ஆன்டெனாக்களை நட்டுவைத்து, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானத்துக்கு அனுப்பி, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று அளக்கிறது. உலகத்தின் பெரிய வளிமண்டல ரேடார்களில் ஒன்று. என் இரண்டு புனல்களுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய விஞ்ஞானம் உட்கார்ந்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் கட்டமஞ்சியில் என் கொல்லையில் நேற்று எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது. அது அதன் வேலையும் இல்லை.

காற்றழுத்தமானிதான் புதிதாக வாங்குகிறவர்களை அதிகம் ஏமாற்றும். முதலாவது, உயரம். ஒன்பது மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். சித்தூர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலே இருப்பதால், வானிலைச் செய்தியில் சொல்லும் எண்ணைவிட இங்கே 35 போலக் குறைவாகக் காட்டும். செய்திகளில் வருவது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். இரண்டாவது, நம் பக்கத்தில் காற்றழுத்தம் மூச்சு விடுவது போல ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிக்கு உச்சம், மாலை நாலு மணிக்குத் தாழ்வு, இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியற்காலை நாலுக்கு மறுபடி தாழ்வு. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையே மூன்று நாலு ஹெக்டோபாஸ்கல் இறங்குவது தினசரி நடப்பு. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கையேட்டைப் படித்துவிட்டு, மதியம் அழுத்தம் இறங்குகிறதே, புயல் வருகிறதே என்று பதறுவார்கள். புயல் எதுவும் இல்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். இன்று நாலு மணி அளவை நேற்று நாலு மணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும். இரவு பத்துக்கு ஏறவேண்டியது ஏறாமல் நின்றால்தான் நான் மாடிக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பேன்.

காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், நம் வடக்கு அரைக்கோளத்தில் தாழ்வழுத்தம் இடது கைப் பக்கம் இருக்கும். பைஸ் பாலோ என்ற டச்சுக்காரர் 1857இல் சொன்ன விதி. கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அதற்கு முதுகு காட்டி நின்று இடது கையை நீட்டுங்கள். கை தென்கிழக்கே, வங்கக் கடலைக் காட்டும். கருவியே தேவையில்லை. காற்று மெல்ல வடக்கு, வடமேற்கு என்று திரும்பினால் சங்கதி நம்மைத் தாண்டி வடக்கே போகிறது என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டியே வடக்கே போய் 5ஆம் தேதி பாபட்லா பக்கம் கரையேறியபோது காற்று இப்படித்தான் திரும்பியது.

ஈரப்பதத்துக்கு வருகிறேன். அதுதான் என் பிழைப்பு. காலை ஆறு மணிக்கு வெப்பம் 21 டிகிரி, ஈரப்பதம் 96 சதவீதம். மதியம் இரண்டு மணிக்கு வெப்பம் 29, ஈரப்பதம் 60. காற்று காய்ந்துவிட்டது என்று தோன்றும். காயவே இல்லை. இரண்டு நேரத்திலும் பனிநிலை, அதாவது எந்த வெப்பத்துக்கு இறங்கினால் காற்றிலிருந்து ஈரம் பிரிந்து நீராகுமோ அந்த அளவு, 20 டிகிரிதான். காற்றில் இருக்கும் தண்ணீர் அப்படியே இருக்கிறது, காற்று சூடானதால் அதன் கொள்ளளவு மட்டும் கூடியிருக்கிறது. சாயங்காலம் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் இரவில் அதே ஈரம் வெல்லத்தின் மேல் வந்து உட்காரும். பனிநிலை 20இலிருந்து 16, 15 என்று இறங்கினால்தான் உண்மையில் காற்று காய்ந்தது. மார்கழிக்கு முன்னால் ஒரு நாள் காலை அது சட்டென்று விழும். வடக்கிலிருந்து உலர்ந்த காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குக் கோடவுன் கதவுகளை எல்லாம் திறந்துபோடச் சொல்வேன்.

ஆலைக்காரர்களுக்கும் இதே கவலை வேறு வடிவத்தில். கரும்பைப் பிழிந்த சக்கைதான் பாகு காய்ச்சும் அடுப்புக்கு எரிபொருள். சக்கை காயாவிட்டால் அடுப்பு புகையும், பாகு பதம் தப்பும், வெல்லம் கறுக்கும். பெனுமூர் பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் ஒவ்வொரு கார்த்திகையும் வந்து நிற்பார். "என்னா சார், இந்த வாரம் சக்கை காயுமா?" காயுமா என்று எனக்குத் தெரியாது. இதே வாரத்தில் கடந்த வருஷங்களில் மழையில்லாமல் தொடர்ந்து எத்தனை நாள் கிடைத்தது, பகல் ஈரப்பதம் எவ்வளவு இறங்கியது என்று நோட்டைப் புரட்டிக் காட்டுவேன். அதை வைத்து அவர் எப்போது அடுப்பு மூட்டுவது என்று தானே முடிவு செய்துகொள்வார். மாந்தோப்புக்காரர்கள் கேட்பது குறைந்தபட்ச வெப்பநிலை. சித்தூரின் பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மா பூக்கவேண்டுமானால் டிசம்பர் இரவுகள் குளிர்ந்திருக்க வேண்டும், மண் காய்ந்திருக்க வேண்டும். மழை தை வரைக்கும் இழுத்தால் பூவுக்குப் பதில் கொழுந்து வரும்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டுப் பதிவாளர்களின் மானம் இருக்கிறது. சிமென்ட் மாடியில், சுவரில், வெயில் படும் இடத்தில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தைச் சொல்லாது, சிமென்டின் வெப்பத்தைச் சொல்லும். தரையிலிருந்து நாலு அடிக்கு மேல், நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளைப் பலகைச் சட்டப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர், 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. பெட்டி செய்யத் தச்சர் கிடைக்காவிட்டால் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் ஏழெட்டை வாங்கி, நடுவில் வெட்டி, மூன்று திருகாணிக் கம்பிகளில் இடைவெளிவிட்டுக் கோத்து, தலைகீழாக நிறுத்தினால் போதும். திருப்பதியில் என் பேரன் செய்தது இன்னும் நிற்கிறது.

எல்லாம் தானாகவே பதிவாகும் எலெக்ட்ரானிக் நிலையங்கள் இப்போது பத்தாயிரம் ரூபாயிலிருந்து லட்சத்துக்கு மேல் வரை கிடைக்கின்றன. அவற்றின் மழைமானிக்குள் ஒரே அச்சில் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். பெரும்பாலும் 0.2 மி.மீ. சேர்ந்ததும் ஒன்று கவிழும், மற்றது மேலே வரும். கவிழ்ந்த எண்ணிக்கைதான் மழை. அடித்துப் பெய்யும்போது கவிழும் நேரத்தில் கொஞ்சம் தவறவிடும். மார்கழி மூடுபனியில் மழையே இல்லாத விடியலில் பனித்துளி சேர்ந்து ஒருமுறை கவிழ்ந்து 0.2 என்று எழுதிவைக்கும். வேப்பஞ்சருகு அடைத்தால் பேய்மழையிலும் சுழி காட்டும். நல்ல கருவிதான், பக்கத்தில் ஒரு கைமழைமானியும் இருந்தால்.

மாவட்ட சராசரி என்று அரசு சொல்லும் எண் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று என் மருமகன் கேட்பார். மாவட்டம் நிலையாக இருந்தால்தானே? சித்தூர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911 ஏப்ரல் 1இல் தனி மாவட்டம் ஆனது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாகி, நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகள் அதில் சேர்ந்தன. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. அந்தப் பக்கத்தில்தான் 1915இல் காசநோய் மருத்துவமனையாகத் தொடங்கிய ஆரோக்கியவரம் இருக்கிறது, ராயலசீமையின் குளிர்ப் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர். மலை மழை வேறு கணக்குக்குப் போய், அதில் கடற்கரை மழையும் சேர்ந்து, குளிர் ஊரும் பிரிந்து போனபின், பழைய சித்தூர் சராசரியையும் புதிய சித்தூர் சராசரியையும் பக்கத்தில் வைத்து என்ன பேசுவது? கொல்லையில் இருக்கும் புனல் எந்த மாவட்டத்துக்கும் மாறவில்லை.

இங்கே பெய்வது இங்கேயே நிற்பதும் இல்லை. சித்தூர் வழியாக ஓடும் நீவா நதி தமிழ்நாட்டில் பொன்னையாறாகிப் பாலாற்றில் சேர்கிறது. நகரிப் பக்கத்து மழை கொசஸ்தலையாற்றில் பூண்டி ஏரிக்குப் போகிறது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டையில் ஆரணியாறு பெருகும். சென்னையில் இருக்கும் என் தம்பி, அங்கே தூறல்கூட இல்லாத நாளில் போன் செய்து "அண்ணே, அங்க எவ்ளோ?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்று சொல்லி என்னை நோட்டை மூடச் சொல்கிறவர்கள் உண்டு. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணிக் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். அன்றைக்கு மார்கழி பிறந்துவிட்டிருந்தது. அதனால் மார்கழியிலும் நான் மூடுவதில்லை. மார்கழி பாதியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் நாட்களில் மேகம் கருக்கட்டுவதைப் பார்த்து அடுத்த ஆண்டு மழையைச் சொல்லும் கர்ப்போட்டக் கணக்கும் எங்கள் பெரியவர்களிடம் உண்டு. வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இதற்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். 195 நாள் கழித்து அந்தக் கரு மழையாகும் என்பது கணக்கு. அந்த நாட்களின் மேகத்தைத் தனிப் பத்தியில் குறித்துவைக்கிறேன். ஆனால் 195 நாள் கழித்து வருவது ஜூலை. ஜூலையில் எங்கள் பக்கம் மாலை மழை வராத வருஷம் குறைவு. "பலித்தது" என்று சொல்வது சுலபம். மேகமே இல்லாத கர்ப்போட்ட நாளுக்கு நேரே ஜூலையில் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் அது சோதனை. பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கத்தை எண்ணியதாகத் தெரியவில்லை.

தொடங்க நினைப்பவர்கள் முதல் நாளே கருவி வாங்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் கண்ணாடி ஜாடி ஒன்று, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. ஜாடியை மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை வைத்துப் படித்து எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஊருக்குப் போன நாளில் சுழி போடாதீர்கள், கோடு போடுங்கள். சுழி என்றால் மழை பெய்யவில்லை, கோடு என்றால் அளக்கவில்லை. திரும்பி வந்து அளந்தது இரண்டு மூன்று நாள் சேர்ந்த தண்ணீர் என்றால் அந்த நாட்களை அடைப்புக்குள் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுங்கள், நாள் நாளாகப் பிரித்து ஊகிக்க வேண்டாம். என் மகள் வீட்டு நோட்டில் பிரம்மோற்சவ வாரம் முழுக்கக் கோடுதான். வீடு நிறைய விருந்தாளி இருக்கும்போது எட்டரை மணிக்கு மொட்டைமாடிக்கு யார் போவது?